வீட்டு முற்றத்துக்குப் புல் வெட்டும் இயந்திரம்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கொச்சி: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அடுத்த சில வாரங்களிலேயே மேற்குக் கொச்சியின் பள்ளுருத்தி, இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி பகுதிகளில் வீட்டு முற்றங்களும் மதிலோரங்களும் முழங்கால் உயரப் புல்லால் மூடிக்கொள்கின்றன. புல் வளர்ந்தால் பாம்பு அச்சம், கொசுத் தொல்லை, எலி நடமாட்டம் ஆகியவையும் கூடவே வருகின்றன. அரிவாள் கொண்டு புல் அறுக்க ஆள் கிடைப்பது கடினமாகிவிட்ட நிலையில், கேரளத்தில் 'காடுவெட்டு யந்திரம்' என்றும், தமிழகக் கடைகளில் 'பிரஷ் கட்டர்', 'புல் வெட்டும் மெஷின்' என்றும் அழைக்கப்படும் கருவியைப் பலரும் சொந்தமாக வாங்கத் தொடங்கியுள்ளனர்.

வாங்குவோரில் பலர் முதலில் கேட்பது என்ஜினின் திறனை. 'எத்தனை சி.சி.?' என்ற கேள்விக்குப் பெரிய எண் பதிலாகக் கிடைத்தால் நல்ல கருவி என்று கருதப்படுகிறது. ஆனால் ஈரக்காற்றும் உப்புக்காற்றும் சேர்ந்த கடலோர ஊரில், ஆண்டின் பாதி நாட்கள் பயன்படுத்தப்படாமல் கிடக்கும் ஒரு கருவியின் நம்பகத்தன்மையை அந்த எண் தீர்மானிப்பதில்லை. மழை விட்ட ஒரு மணி நேர இடைவெளியில் தயங்காமல் இயங்கத் தொடங்குவதும், பழுதானால் பக்கத்து ஊரிலேயே சரிசெய்ய முடிவதும், அண்டை வீட்டாருக்குக் காயம் ஏற்படுத்தாமல் வேலை முடிவதுமே வீட்டுப் பயன்பாட்டுக்கான அளவுகோல்கள்.

கயிறு புல்லை வெட்டுவது எப்படி?

நைலான் கயிற்றால் புல் வெட்டும் கருவியை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ் 1971-இல் உருவாக்கினார். தானியங்கி கார் கழுவும் நிலையத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைப் பார்த்த அவர், துளையிட்ட தகர டப்பாவில் மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். மரத்தின் அடியிலும் சுவரோரத்திலும் கத்தி எட்டாத இடங்களில் வளர்ந்த புல்லை அது வெட்டியது. 'வீட் ஈட்டர்' என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்தக் கருவியின் நிறுவனத்தை 1977-இல் எமர்சன் எலக்ட்ரிக் நிறுவனம் வாங்கியது.

கயிற்றுக்குக் கூர்மை கிடையாது; வேகமே அதன் கூர்மை. சுழலும் தலை நிமிடத்துக்கு 7,000 முறை சுற்றுவதாகவும், மையத்திலிருந்து கயிற்றின் நுனி 20 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொண்டால், அந்த நுனி விநாடிக்கு ஏறத்தாழ 147 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. இது மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் அதிகம். இளம்புல்லை அறுப்பதும் இந்த வேகம்தான். மணலில் கிடக்கும் சிறு கல்லைத் தோட்டாவைப்போல எறிவதும் இதே வேகம்தான்.

முதலில் முற்றத்தை அளக்க வேண்டும்

ஒரு சென்ட் நிலம் என்பது 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. அதில் வீடு, கிணறு, தளக்கல் பதித்த பகுதி ஆகியவை போக, உண்மையில் புல் முளைக்கும் இடம் பெரும்பாலும் ஆயிரம் சதுர அடிக்குள் அடங்கிவிடும். இத்தகைய முற்றத்துக்கு 50 சி.சி. அளவிலான கனமான கருவி தேவையில்லை.

அடுத்து, வெட்ட வேண்டியது எது என்பதைப் பார்க்க வேண்டும். அருகம்புல், கோரை, தொட்டாற்சுருங்கி போன்றவை நைலான் கயிற்றுக்கே அடங்கும். ஆளில்லாத மனைகளில் புதராக வளரும் 'கம்யூனிஸ்ட் பச்சை' போன்ற, தண்டு முற்றிய செடிகளுக்கு உலோகக் கத்தி பொருத்தக்கூடிய பிரஷ் கட்டர் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே புதர் வெட்ட வேண்டியிருந்தால், அந்த ஒரு நாளுக்காகப் பெரிய கருவி வாங்குவதைவிட அதை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

மூன்று வகைகள்

மின்கம்பியில் இயங்கும் கருவி விலை குறைந்தது, எடை குறைந்தது, பராமரிப்பும் குறைவு. ஆனால் பருவமழைக் காலத்தில் ஈரத்தரையில் மின்கம்பியை இழுத்துக்கொண்டு வேலை செய்வது ஆபத்தானது. சுழலும் கயிறு கம்பியின் உறையையே வெட்டிவிடும் சாத்தியமும் உண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்ட வீடுகளில், தரை நன்கு காய்ந்த நாட்களில் மட்டுமே இந்த வகையைப் பயன்படுத்தலாம். மழைக்காலத்திலேயே அதிகம் தேவைப்படும் ஒரு கருவிக்கு இது பெரிய குறை.

பேட்டரியில் இயங்கும் கருவி பொத்தானை அழுத்தியவுடன் ஓடும். இழுத்துக் கிளப்பும் கயிறு இல்லை; அடைத்துக்கொள்ளும் கார்புரேட்டர் இல்லை; சத்தமும் ஒப்பீட்டளவில் குறைவு. சிறிய முற்றங்களுக்கும், முதியோர் உள்ள வீடுகளுக்கும் இதுவே பொருத்தமானது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்டவை நீடித்து உழைக்கும். இவற்றின் பலவீனம் பேட்டரியின் ஆயுளும் அதன் விலையும்.

பெட்ரோல் கருவிகளில் இரண்டு வகை உண்டு. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலுடன் 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயிலுக்குத் தனி அறை இருப்பதால் கலக்கத் தேவையில்லை; புகையும் குறைவு. ஃபோர் ஸ்ட்ரோக் வகைக்கு உதாரணமாக, இந்தியச் சந்தையில் பரவலாக உள்ள ஹோண்டாவின் ஜி.எக்ஸ். 35 என்ஜினைக் குறிப்பிடலாம். அதன் கொள்ளளவு 35.8 சி.சி.; அதற்குத் தேவையான ஆயில் சுமார் 100 மில்லிலிட்டர் மட்டுமே. அளவு இவ்வளவு குறைவு என்பதால் சிறிது குறைந்தாலும் என்ஜின் பாதிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஆயில் மட்டத்தைப் பார்ப்பது கட்டாயம். பத்து சென்ட்டுக்கு மேல் நிலமும் தென்னை, வாழையும் உள்ள வீடுகளுக்கு இந்த வகை ஏற்றது.

பேட்டரிக்கு ஒரு கணக்கு

விளம்பரங்களில் '20 வோல்ட்' என்று குறிப்பிடப்படும் பேட்டரியும் '18 வோல்ட்' பேட்டரியும் பெரும்பாலும் ஒன்றே. ஐந்து லித்தியம் செல்கள் முழுமையாகச் சார்ஜ் ஆன நிலையில் காட்டும் மின்னழுத்தம் முதல் எண். அவை வேலை செய்யும்போது தரும் சராசரி அழுத்தம் இரண்டாவது எண். அதேபோல '40 வோல்ட்' என்பது நடைமுறையில் 36 வோல்ட்.

வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் பேட்டரியில் உள்ள ஆற்றல் கிடைக்கும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 72 வாட்-மணி ஆற்றல் உள்ளது. மோட்டார் 300 வாட் எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 14 நிமிடங்களுக்குப் போதும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144 வாட்-மணி. இது ஏறத்தாழ 28 நிமிடங்கள். ஈரமான, அடர்ந்த புல்லில் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுப்பதால் இந்த நேரம் மேலும் குறையும். எனவே சிறிய பேட்டரி கொண்ட கருவி வாங்குவோர் இரண்டாவது பேட்டரியின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பேட்டரி வாங்கும்போது ஐ.எஸ். 16046 தரச்சான்றுடன் கூடிய பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ளதா, அதே பேட்டரி தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா, பேட்டரிக்கான உத்தரவாதக் காலம் கருவிக்கான காலத்தைவிடக் குறைவா என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். பேட்டரி தனியாகக் கிடைக்காத கருவி, பேட்டரி செயலிழக்கும் நாளில் குப்பைக்குத்தான் போகும். கருவியின் உறையில் ஐ.பி.எக்ஸ். 4 என்று குறிப்பிட்டிருந்தால் அது நீர்த்துளிகளைத் தாங்கும். அத்தகைய குறிப்பு இல்லாத கருவியைத் தூறலில் எடுக்கக் கூடாது.

எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரக்காற்றும்

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025-இல் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நீரின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். தினமும் ஓடும் ஸ்கூட்டரில் பெட்ரோல் விரைவாகத் தீர்ந்துவிடுவதால் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்கப்படும் புல் வெட்டும் இயந்திரத்தில், அதுவும் ஈரப்பதம் மிகுந்த கொச்சி போன்ற ஊரில், இதன் விளைவு உடனே தெரியும்: கார்புரேட்டரின் நுண்துளைகள் அடைபடும், ரப்பர் குழாய்கள் விறைத்து விரிசல் விடும், என்ஜின் கிளம்ப மறுக்கும்.

சிறு என்ஜின்களின் கையேடுகள் பலவற்றில் 10 சதவீத எத்தனால் வரையே அனுமதி உள்ளது. எனவே வாங்கும் மாதிரி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெட்ரோலை ஒரு லிட்டருக்கு மேல் வாங்கிச் சேமிக்காமல் இருப்பதும், இரண்டு வாரங்களுக்கு மேல் கருவியை எடுக்கப் போவதில்லை என்றால் தொட்டியைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பதும் செலவில்லாத பராமரிப்பு முறைகள்.

டூ ஸ்ட்ரோக் கருவிக்குக் கலவை விகிதம் முக்கியம். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். எந்த விகிதம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேடே தீர்மானிக்கும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து சிக்கிக்கொள்ளும். அதிகமானால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்.

கயிறும் சுழலும் தலையும்

நைலான் கயிறு தடிமனாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சிறிய மின் கருவிகளுக்கு 1.6 மில்லிமீட்டர் கயிறும், நடுத்தரக் கருவிகளுக்கு 2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரையிலும், பெட்ரோல் பிரஷ் கட்டர்களுக்கு 2.7 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலும் பொருந்தும். சிறிய மோட்டாரில் தடித்த கயிற்றைப் போட்டால் வேகம் குறைந்து மோட்டார் சூடேறும். வெட்டும் திறனும் குறையும்.

கயிற்றுத் தலைகளில் மூன்று வகைகள் உள்ளன. தரையில் தட்டினால் கயிறு நீளும் வகை பரவலானது. ஆனால் மணலும் சேறும் உள்ளே புகுந்தால் சிக்கிக்கொள்ளும். தானாகக் கயிற்றை நீட்டும் வகை வசதியானது. கயிறு சற்று வேகமாகத் தீரும். வெட்டிய துண்டுக் கயிறுகளைக் கையால் செருகும் வகை எளிமையானது; பழுதாவதற்கு அதில் எதுவும் இல்லை. மணற்பாங்கான முற்றங்களுக்கு இந்த மூன்றாவது வகையும் பரிசீலிக்கத்தக்கது.

நாள்பட்ட நைலான் கயிறு ஈரம் வற்றி எளிதில் முறியும். பயன்படுத்துவதற்கு முந்தைய நாள் அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் நெகிழ்வு திரும்பும். தலையைக் கழற்றும்போது ஒரு விவரத்தை நினைவில் வைக்க வேண்டும்: பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் அது இடது மறை கொண்டது, வழக்கத்துக்கு மாறாகக் கடிகார முள் சுழலும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

இளம் மா, பலா மரங்களின் அடிப்பட்டையில் கயிறு சுற்றிலும் பட்டால் பட்டை உரிந்து மரமே பட்டுப்போகக்கூடும். மரத்தைச் சுற்றி ஓரடி அகலத்துக்குப் புல்லைக் கையால் களைந்துவிடுவது பாதுகாப்பானது.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

இணையத்தில் பெயர் தெரியாத தயாரிப்பாளரின் கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல் உதிரிபாகம். சந்தையில் புழங்கும் பிரஷ் கட்டர்களின் குழாய் 26 அல்லது 28 மில்லிமீட்டர் விட்டத்திலும், உள்தண்டின் பற்கள் 7 அல்லது 9 என்ற எண்ணிக்கையிலும் வருகின்றன. இந்த அளவுகள் பொருந்தாவிட்டால் கியர் பெட்டியையோ தண்டையோ மாற்ற முடியாது. வாங்கும்போதே இந்த இரு எண்களையும் பில்லின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்வது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும்.

முன்னணி நிறுவனங்களின் கருவியாக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பு மையம் கொச்சிக்குள் உள்ளதா, கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் கயிறு, ஏர் ஃபில்டர், கயிற்றுத் தலை ஆகிய நான்கும் அங்கு இருப்பில் உள்ளனவா என்று தொலைபேசியில் கேட்டறிவது நல்லது. எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் 1973 முதல் இயங்கிவரும் மாநிலப் பொதுத்துறை நிறுவனமான கேரள அக்ரோ மெஷினரி கார்ப்பரேஷன், அதாவது கேம்கோ, பவர் டில்லருடன் பிரஷ் கட்டர்களையும் விற்பனை செய்துவருகிறது.

விவசாயிகளாகப் பதிவு செய்தவர்களுக்கு, மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தின்கீழ் பட்டியலிடப்பட்ட இயந்திரங்களுக்குப் பிரிவைப் பொறுத்து 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் வழங்கப்படுகிறது. இதற்கு வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனைகளையும் நடப்பு ஆண்டின் ஒதுக்கீட்டையும் அந்தந்தப் பகுதியின் கிருஷி பவனில் அறியலாம். வேளாண் துறையுடன் இணைந்து செயல்படும் கார்ஷிக கர்ம சேனா குழுக்கள் பல ஊர்களில் புல் வெட்டும் பணியைக் கூலிக்குச் செய்து தருகின்றன. ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை மட்டுமே புல் வெட்டும் வீடுகள் கருவி வாங்கும் முன் இந்தச் செலவை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நெருக்கமான வீடுகளில் பாதுகாப்பு

பிரஷ் கட்டர் கையேடுகள் பொதுவாக, வேலை செய்பவரிடமிருந்து 15 மீட்டருக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று அறிவுறுத்துகின்றன. பள்ளுருத்தி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இந்த 15 மீட்டர் பெரும்பாலும் பக்கத்து வீட்டின் வாசலையும் தாண்டிவிடும். எனவே வேலை தொடங்கும்முன் அண்டை வீட்டாருக்குத் தெரிவித்து, குழந்தைகளை உள்ளே அனுப்பி, வாகனங்களை நகர்த்தச் சொல்வது அவசியம். முற்றத்தில் கல், கண்ணாடித் துண்டு, கம்பி ஆகியவற்றை முன்கூட்டியே பொறுக்கி அகற்ற வேண்டும். மதிலோரத்தில் உலோகக் கத்தியைப் பயன்படுத்தவே கூடாது. சுவரில் பட்டால் கருவி பின்னோக்கித் தூக்கியெறியும்.

கருவியுடன் வரும் பிளாஸ்டிக் காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்வோர் உண்டு. அந்தக் காப்பு கற்களைத் தடுப்பதோடு, கயிறு அளவுக்கு மீறி நீளாமல் அறுத்தும் விடுகிறது. நைலானுக்குப் பதிலாக இரும்புக் கம்பியையோ சங்கிலியையோ பொருத்துவது உயிருக்கே ஆபத்தானது. அறுந்த ஒரு கண்ணி எந்தத் திசையிலும் பாயும். இணைக்கப்பட்ட பல உலோகத் துண்டுகளால் ஆன இத்தகைய வெட்டுத் தலைகளின் விற்பனையை ஐரோப்பிய ஆணையம் 2012-இல் தடைசெய்தது.

சாதாரண மூக்குக் கண்ணாடி கண்ணைக் காக்காது. பக்கவாட்டிலும் மூடும், ஐ.எஸ். 5983 தரமுடைய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். முழுக்கால் சட்டை, கம்பூட், கையுறை, காதடைப்பு ஆகியவையும் தேவை. தேங்கிய நீரையும் சேற்றையும் கயிறு உடலெங்கும் தெறிக்கச் செய்வதால், எலிச் சிறுநீர் கலந்த நீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் அபாயம் மழைக்காலத்தில் அதிகம். கால், கைகளில் காயம் இருந்தால் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. தொடர்ந்து இத்தகைய வேலையில் ஈடுபடுவோர் தடுப்பு மருந்து குறித்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெறலாம். வேலைக்குப் பின் காய்ச்சலும் கடும் தசைவலியும் வந்தால், புல் வெட்டிய விவரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உயர்ந்து வளர்ந்த புல்லில் பாம்பு இருக்கலாம் என்பதால் முதலில் நீண்ட கோலால் தட்டிக் கலைத்துவிட்டுத் தொடங்குவது வழக்கம். பாம்பைக் கண்டால் அடிக்க முயலாமல், கேரள வனத்துறையின் 'சர்ப்ப' செயலி மூலம் பயிற்சி பெற்ற மீட்பாளர்களை அழைக்கலாம்.

குடியிருப்புப் பகுதிகளில் பகல்நேர ஒலி வரம்பு 55 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. டூ ஸ்ட்ரோக் கருவியின் அருகில் நிற்பவருக்குக் கேட்கும் ஒலி இதைவிடப் பன்மடங்கு கடுமையானது. அதிகாலை, நண்பகல் ஓய்வு நேரம், தேர்வுக்காலம் ஆகியவற்றைத் தவிர்ப்பது அண்டை வீட்டு உறவுக்கும் நல்லது.

பாதுகாத்து வைக்கும் முறை

வேலை முடிந்ததும் ஸ்பார்க் பிளக் இணைப்பை அல்லது பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் புல்லையும் சேற்றையும் துடைத்து உலரவிட வேண்டும். கியர் பெட்டிக்குக் கையேடு சொல்லும் இடைவெளியில் கிரீஸ் இட வேண்டும். உயர் அலை நாட்களில் உப்பங்கழி நீர் முற்றம்வரை ஏறும் கும்பளங்கி, இடக்கொச்சி பகுதிகளில் கருவியைத் தரையில் வைக்காமல் சுவர்க் கொக்கியில் மாட்டி வைப்பதே சரி. ஒருமுறை உப்புநீரில் நனைந்த மோட்டாரை மீட்பது கடினம். பேட்டரியைப் பாதி அளவு சார்ஜுடன், வெயில் படாத உலர்ந்த இடத்தில் தனியாக வைக்க வேண்டும்.

கடையில் பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை மூன்று. கருவியை எரிபொருளுடன் அல்லது பேட்டரியுடன் பத்து நிமிடங்கள் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தோளும் மணிக்கட்டும் அதற்குள் வலித்தால் அந்தக் கருவி வேண்டாம். என்ஜினைக் குளிர்ந்த நிலையில் வீட்டில் அதைப் பயன்படுத்தப் போகிறவரே கிளப்பிப் பார்க்க வேண்டும். தேதியும் வரிசை எண்ணும் எழுதிய உத்தரவாத அட்டையைக் கடை முத்திரையுடன் பெற வேண்டும். இவற்றை மழை தொடங்கும் முன், மே மாதத்திலேயே முடித்துவிட்டால், குறை இருந்தால் மாற்றிக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கும்.